காதுக்கு வேலை வைக்கும் மென்பொருள்: வடசென்னையில் ஒரு சிறுவர் டிஜே வகுப்பு

வடசென்னையில் ஒரு தெருமன்றத்தின் மாடி அறையில், வார இறுதி மாலைகளில், 10 முதல் 15 வயதுவரையிலான பிள்ளைகளுக்கு டிஜே செய்யவும் கணினியில் இசை அமைக்கவும் சொல்லித் தருகிறோம். நடத்துவது மூன்று பேர். நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். இன்னொருவர் கல்யாண வரவேற்புகளில் டிஜே போடுகிற நண்பர். மூன்றாமவர் பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கும் அக்கா. இதுபோல வகுப்பு தொடங்க நினைப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது "எந்த சாஃப்ட்வேர் போட்டீங்க?" என்பதைத்தான். பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால் அது அவர்களுக்குப் பெரிதாக உதவாது. அவர்கள் கையில் இருக்கும் கணினி வேறு, வரும் பிள்ளைகள் வேறு. அதனால் எதை வைத்தோம், எதை விட்டோம், ஏன் என்பதை முழுவதுமாக எழுதுகிறேன்.

கையில் இருந்தவை

நன்கொடையாக வந்த 6 பழைய லேப்டாப்புகள். எல்லாமே விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். இணையம் என்றால் எங்களில் ஒருவருடைய போன் ஹாட்ஸ்பாட். மாடியில் சிக்னல் இருந்தால் உண்டு. ஸ்பீக்கர் நண்பருடையது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் கணினி கிடையாது. அம்மாவோ அப்பாவோ வைத்திருக்கும் ஆண்ட்ராய்ட் போன் இரவில் கொஞ்ச நேரம் கைக்கு வரும். மாதச் சந்தா கட்ட எங்களிடமும் பணம் இல்லை, அவர்களிடமும் இல்லை.

இதிலேயே பாதிப் பட்டியல் அடிபட்டுவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இசை அமைக்கும் மென்பொருள்களில் கராஜ்பேண்ட் போல இணக்கமானது வேறில்லை என்பது என் எண்ணம். ஆனால் 2004இல் வந்ததிலிருந்து அது ஆப்பிள் கருவிகளைத் தாண்டி வந்ததே இல்லை.

பிள்ளைகள் கொண்டுவந்ததையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். தெருவில் சட்டி மேளம், கானா, திருவிழா பேண்ட் செட், சாவு வீட்டுப் பறை எல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மேசையில் கை தாளம் போடும். இவர்களுக்குத் தாளம் என்றால் என்ன என்று பாடம் எடுக்கத் தேவையில்லை. ஏற்கெனவே கூர்மையாக இருக்கும் அந்தக் காதை மழுங்கடிக்காத கருவி வேண்டும் என்பதுதான் எனக்கு முதல் கவலை.

மூன்று பேர், மூன்று யோசனை

நண்பருடைய வாதம் நேரடியானது. "ஃபங்ஷன்ல இருக்கிற சாஃப்ட்வேர் விர்ச்சுவல் டிஜே, ரெகார்ட்பாக்ஸ், செராட்டோ. பசங்க நாளைக்கு வேலைக்கு வந்தா அதைத்தான் தொடணும். வேற எதையோ கத்துக் குடுத்து என்னா பிரயோஜனம்?"

அக்காவுக்கு சோனிக் பை மேல் நம்பிக்கை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் சாம் ஆரன், ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை மனதில் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது அது. இலவசம். நிரல் எழுதினால் இசை வரும். "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, கோடிங்கும் வந்துடும்" என்றார்.

நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை, ஒரு கேள்வியைத்தான் வைத்தேன்: இந்த மென்பொருள் பிள்ளையின் காதுக்கு என்ன வேலையை மிச்சம் வைக்கிறது? வசதிகளின் பட்டியலை ஒப்பிட்டால் விலை கூடினதுதான் எப்போதும் ஜெயிக்கும். இந்தக் கேள்வியைப் போட்டால் வரிசை தலைகீழாக மாறிவிடும். கூடவே இரண்டு நடைமுறைக் கேள்விகள்: நெட் இல்லாமல் ஓடுமா, போன வாரம் செய்த பாட்டை இந்த வாரம் திறக்க முடியுமா?

டிஜே பக்கம்

டிஜே செய்வதன் அடிப்படை, ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை அதே வேகத்துக்குக் கொண்டுவந்து, அடி மேல் அடி விழும்படி சேர்ப்பது. 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி) பாட்டை 94 பிபிஎம் பாட்டோடு சேர்க்க வேண்டுமென்றால், பாட்டின் வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடரை ஏறக்குறைய 4.4 சதவீதம் ஏற்ற வேண்டும். இசைத்தட்டைச் சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் 1979இலிருந்தே 8 சதவீதம் மேலும் கீழும் நகர்த்தலாம். இன்றைய மென்பொருள்கள் சிலவும் அந்த அளவிலேயே தொடங்குகின்றன. எவ்வளவு நகர்த்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

இப்போது ஏறக்குறைய எல்லா டிஜே மென்பொருளிலும் சின்க் பட்டன் இருக்கிறது. அழுத்தினால் இரண்டு பாட்டையும் அலசி, வேகத்தையும் அடியையும் மென்பொருளே சேர்த்துவிடும். மேடையில் அதைப் பயன்படுத்துவதில் தப்பே கிடையாது. தொழில்முறை டிஜேக்கள் பலர் அதில் மிச்சமாகும் கவனத்தை வேறு நல்ல காரியத்துக்குச் செலவிடுகிறார்கள். ஆனால் 11 வயதுப் பிள்ளை முதல் நாளே அதை அழுத்திப் பழகினால், இரண்டு பாட்டு விலகும்போது எப்படி ஒலிக்கும் என்று கேட்கவே வாய்ப்பில்லாமல் போய்விடும். விலகலைக் கேட்காத காது அதைச் சரிசெய்யவும் கற்காது.

இந்தக் கலை பிறந்த விதமும் அதைத்தான் காட்டுகிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்விக் அவென்யூ கட்டடத்தில் நடந்த விருந்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைப் போட்டார். பாட்டில் தாளம் மட்டும் தனித்து வரும் இடத்தில் கூட்டம் ஆடுவதைக் கவனித்து, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்த இடத்தையே மாறி மாறி ஓடவிட்டு நீட்டினார் அவர். பின்னால் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்ற இன்னொரு டிஜே தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு அந்த இடத்தைத் துல்லியமாகப் பிடித்தார். இதை எங்கள் வகுப்பில் பயிற்சியாகவே வைத்திருக்கிறோம்: ஒரே பாட்டை மென்பொருளின் இரண்டு டெக்கிலும் (பாட்டு ஓடும் தட்டு) ஏற்றி, பிடித்த 4 அடியைக் கையாலேயே நீட்ட வேண்டும், தானாகத் திரும்ப ஓடவிடும் லூப் பட்டனைத் தொடக்கூடாது.

இதற்கு நாங்கள் வைத்தது மிக்ஸ் (Mixxx). இலவச, திறமூல மென்பொருள்; அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். 2001இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்கள் வளர்த்துவருகிறார்கள். கணக்குத் தொடங்க வேண்டாம், நெட் வேண்டாம், எங்கள் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. வெடிப்புச் சத்தம் வந்தால் ஒலி அமைப்பில் பஃபரை (ஒலியை முன்கூட்டித் தேக்கிவைக்கும் நேரம்) 23 மில்லிசெகண்டிலிருந்து 46க்கு ஏற்றினால் அடங்கிவிடும். பாட்டுகளின் வேகத்தையும் அடியையும் அலசும் வேலையை மட்டும் முந்தின நாள் இரவே முடித்துவைக்க வேண்டும். வகுப்பு நடக்கும்போது அலச விட்டால் இந்த லேப்டாப்புகள் திணறும்.

மிக்ஸிலும் சின்க் இருக்கிறது, திரையில் அலைவடிவம் ஓடுகிறது, பிபிஎம் எண்ணும் தெரிகிறது. கண்ணால் பார்த்தே இரண்டு அலையையும் ஒட்டவைத்துவிடலாம். அதனால் ஒரு அட்டைத் துண்டை வெட்டி, திரையின் மேல்பாதியை மறைத்து டேப் போட்டு ஒட்டினோம். தெரிவது பிளே பட்டன், பிட்ச் ஸ்லைடர், வால்யூம், ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கிராஸ்ஃபேடர் மட்டும்.

அட்டை ஒட்டிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன். 12 வயதுப் பெண் ஒருத்தி இரண்டாவது பாட்டை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணா, ரெண்டு பேரு ஓடியார மாதிரி இருக்கு. ஒருத்தன் பின்னாடியே வரான்" என்றாள். எந்தப் பாட்டு பின்னால் வருகிறது என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நான் போட்டதுதான்" என்று ஸ்லைடரை மயிரிழை நகர்த்தினாள். பின்னால் வந்தவன் எட்டிப் பிடித்து, முந்திப் போனான். மறுபடி இழுத்தாள். ஒன்று சேர்ந்த அந்த நொடியில் அவள் முகம் மலர்ந்ததை நாங்கள் மூன்று பேருமே பார்த்தோம். நண்பருடைய எதிர்ப்பு அன்றைக்கே பாதி கரைந்தது.

நம் பாட்டுகளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. குத்துப் பாட்டுகள் நிறைய திஸ்ர நடையில், ஒரு அடிக்கு மூன்றாகப் போகும். மென்பொருள் இதை அடிக்கடி தப்பாகக் கணித்து, நிஜ வேகத்தின் ஒன்றரை மடங்கை எண்ணாகக் காட்டும். 70களிலும் 80களிலும் வந்த படப்பாட்டுகளில் வாத்தியக் குழு நேரடியாக வாசித்ததால் வேகம் சரணத்துக்குச் சரணம் இம்மி மாறும். அங்கெல்லாம் சின்க்கை நம்பினால் மேடையில் தடுமாற வேண்டியதுதான். காதால் பழகிய பிள்ளை ஓடும்போதே திருத்திக்கொள்ளும். இதை முதலில் சுட்டிக்காட்டியவர் நண்பர்தான். ஒவ்வொரு வரவேற்பிலும் அவர் படும் பாடு அது.

விர்ச்சுவல் டிஜேயும் வீட்டு உபயோகத்துக்கு இலவசம்தான், செராட்டோ டிஜே லைட்டும் இலவசம்தான். அவற்றை வைத்தும் வகுப்பு நடத்தலாம். ஆனால் கம்பெனி இலவசத்தின் நிபந்தனை எப்போது மாறும் என்று தெரியாது. மிக்ஸின் பிரதியை ஒரு பென்டிரைவில் வைத்திருந்தால் அது நம்முடையது. வேறு மன்றத்துக்கும் சட்டப்படியே கொடுக்கலாம்.

ஹெட்போன் விஷயத்தில் ஒரு சின்னத் தந்திரம். அடுத்த பாட்டைத் தனியாகக் கேட்க இரண்டு ஒலி வெளியீடு தேவை. லேப்டாப்பில் இருப்பது ஒன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்டு கார்டைச் செருகி, ஸ்பீக்கரை ஒன்றிலும் ஹெட்போனை மற்றதிலும் கொடுத்தால் மிக்ஸ் ஏற்றுக்கொள்ளும். புளூடூத் ஹெட்போனை அறைக்குள் விடுவதில்லை. அதன் தாமதத்தில் அடியைப் பிடிக்கவே முடியாது. ஒலியளவில் கண்டிப்பாக இருக்கிறோம். பிள்ளைகள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. காதையே கருவியாக வைத்து நடத்தும் வகுப்பில் அந்தக் காதைக் கெடுத்து அனுப்ப எங்களுக்கு உரிமை இல்லை.

இசைத் தயாரிப்புப் பக்கம்

பிள்ளைகள் வரும்போதே உச்சரித்துக்கொண்டு வந்த பெயர் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை அமைக்கும் மென்பொருள். யூடியூபில் பார்த்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனம் 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்று தொடங்கியது. ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கப் புதுப்பிப்பு இலவசம். நல்ல மென்பொருள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையை, வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது. ஒரு பிள்ளை மாலை முழுக்க உட்கார்ந்து செய்ததை அடுத்த வாரம் "திறக்காது கண்ணு" என்று சொல்ல எங்களால் முடியாது. "கிராக் போட்டுக்கலாம்ணா, எங்க மாமா கடையில இருக்கு" என்று ஒரு பையன் ஆர்வமாகச் சொன்னான். வேண்டாம் என்று உட்காரவைத்து விளக்கினோம். நாளைக்கு அவன் போடும் பாட்டை யாராவது காசு கொடுக்காமல் எடுத்தால் அவனுக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அந்த மென்பொருளை எழுதியவருக்கும். அவன் புரிந்துகொண்டான்.

அதற்குப் பதிலாக வைத்தது எல்எம்எம்எஸ் (LMMS) என்ற இசை அமைக்கும் மென்பொருள். இலவசம், சின்னது, நெட் வேண்டாம், பார்வைக்கு எஃப்எல் ஸ்டூடியோவின் உறவுக்காரன். பெரிய குறை ஒன்று: அதன் நிலையான பதிப்பில் மைக்கிலிருந்து நேரடியாகப் பதிவுசெய்ய முடியாது. அதனால் பக்கத்திலேயே ஆடாசிட்டி. 1999இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ராஜர் டேனன்பெர்க்கும் தொடங்கிய இலவச ஒலித்திருத்தி அது. இரண்டு மென்பொருளுக்கு இடையில் ஓடுவது பிள்ளைகளுக்குத் தொல்லையாக இருக்கும் என்று அக்கா தயங்கினார். தொல்லைதான். ஆனால் வகுப்பின் மிக நல்ல பாடம் அந்த இடைவெளியில்தான் கிடைத்தது.

மன்றத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. அதன் வாயில் துணியைப் போட்டுத் தட்டினால் கனமான ஒரு அடி விழும். அதைப் பதிவுசெய்து எல்எம்எம்எஸ்ஸில் ஏற்றி, அடி எங்கே விழ வேண்டும் என்று குறிக்கும் கட்டங்களில் சரியான இடத்தில்தான் வைத்தான் ஒரு பையன். ஓடவிட்டால் ஒவ்வொரு அடியும் பின்தங்கி விழுகிறது. "கரெக்டாதான் வச்சேன், லேட்டா விழுது" என்று திரும்பத் திரும்பக் கட்டத்தை மாற்றிப் பார்த்தான். பதிலை நாங்கள் சொல்லவில்லை. ஆடாசிட்டிக்குத் திரும்பி அந்த ஒலியைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னோம். அடிக்கு முன்னால் 40 மில்லிசெகண்ட் அளவுக்கு வெறும் அமைதி இருந்தது. பதிவு பட்டனை அழுத்தியதற்கும் கை குடத்தில் விழுந்ததற்கும் நடுவில் இருந்த துளி நேரம். 120 பிபிஎம் வேகத்தில் ஒரு கட்டம் (ஒரு அடியில் கால் பங்கு) 125 மில்லிசெகண்ட்தான். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த அமைதியிலேயே போய்விடுகிறது. வெட்டினான், ஏற்றினான், உட்கார்ந்தது. ஆயத்த ஒலித்தொகுப்பை மட்டும் கொடுத்திருந்தால் இந்த 40 மில்லிசெகண்ட் அவன் காதில் பட்டிருக்கவே படாது.

அடுத்தது கட்டங்களின் எண்ணிக்கை. பெரும்பாலான மென்பொருள்கள் 16 கட்டங்களோடு திறக்கும். 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 தாளக் கருவியிலேயே 16 பட்டன்கள் வரிசையாக இருந்தன; அந்த வரிசை அப்படியே திரைக்கு வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளின் கை போடுவது மூன்று மூன்றாக. 16ஐ மூன்றால் வகுக்க முடியாது. சட்டி மேளத்தில் அசத்துகிற பையன் திரையில் அதையே வைக்கப் பார்த்து, வராமல் போனதும் "எனக்கு இது வரலண்ணா" என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டான். அதைக் கேட்டபோது மனசு கனத்தது. எல்எம்எம்எஸ்ஸில் தாள அமைப்பை 6/8 என்று மாற்றினால் கட்டங்கள் 12 ஆகிவிடும். மாற்றிக் கொடுத்ததும் விறுவிறுவென்று வைத்தான். வீட்டில் அடிக்கும் அடி ஸ்பீக்கரில் வந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு எந்த இசை மென்பொருளைத் தேர்ந்தாலும், 12 கட்டமோ ஒரு அடியை மூன்றாகப் பிரிக்கும் வசதியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது எங்கே இருக்கிறது என்று வகுப்புக்கு முன்பே ஆசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அக்காவின் சோனிக் பை என்ன ஆனது? 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நன்றாகப் பிடித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை மாற்றினால் இசை மாறுவது அவர்களுக்குப் பெரிய கிளர்ச்சி. அடியை மூன்றாகப் பிரிப்பது அங்கே வெறும் வகுத்தல் கணக்கு. சின்னப் பிள்ளைகள் ஆங்கில விசைப்பலகையில் எழுத்தைத் தேடியே களைத்துப்போனார்கள். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் பிழை என்று வரும்போது முகம் வாடியது. எனவே எல்எம்எம்எஸ்ஸில் ஒரு பாட்டாவது முடித்தவர்களுக்கு மட்டும் அக்கா தனியாக எடுக்கிறார்.

முதல் நாளுக்கு மட்டும் ஹாட்ஸ்பாட் போட்டு கூகுளின் குரோம் மியூசிக் லேப் இணையதளத்தில் இருக்கும் சாங் மேக்கரைத் திறப்போம். கணக்கு வேண்டாம், வண்ணக் கட்டங்களைத் தொட்டால் பாட்டு. அமைப்பில் ஒரு அடியை மூன்றாகப் பிரிக்கவும் முடியும். ஏபிள்டன் நிறுவனத்தின் லேர்னிங் மியூசிக் இணையதளமும் இலவசம். அதை ஆசிரியர்கள் தாங்களே ஒருமுறை முழுதாகச் செய்துபார்த்தால், எதற்குப் பின் எதைச் சொல்வது என்ற வரிசை பிடிபடும்.

வீட்டுப் போனும் பெற்றோரும்

வீட்டில் பழக பேண்ட்லேப் என்ற இசைச் செயலி. சிங்கப்பூர் நிறுவனம், ஆண்ட்ராய்டில் இலவசம். பாடிப் பதிவுசெய்யவும் லூப்புகளை அடுக்கவும் நல்லது. விலை குறைந்த போன்களில் திரை விசையைத் தொட்டதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் தாமதம் இருப்பதால், வாசிக்க அது உதவாது. அதோடு அது ஒரு சமூக வலைத்தளமும்கூட. பாட்டைப் பதிவிடலாம், முன்பின் தெரியாதவர்கள் பின்தொடரலாம், செய்தி அனுப்பலாம். 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைப் பெற்றோருக்குத் தெரியாமல் செய்யக்கூடாது. அதனால் கல்விக்கான பேண்ட்லேப் பதிப்பில் மூடிய வகுப்பாக அமைத்து, அம்மாக்களை வரவழைத்து, அவர்கள் போனில் அவர்கள் முன்னாலேயே கணக்குத் தொடங்கினோம்.

அந்தச் சந்திப்பில் ஒரு அம்மா வெளிப்படையாகக் கேட்டார்: "டிஜேன்னா குடிச்சிட்டு ஆடுற எடத்துல போடறதுதானே சார், பொம்பளப் புள்ளைய எப்படி அனுப்புறது?" அவர் மகளையே மிக்ஸில் உட்காரவைத்து இரண்டு பாட்டைச் சேர்த்துக் காட்டச் சொன்னோம். நிகழ்ச்சிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதில்லை என்றும் உறுதி கொடுத்தோம். நண்பர் தன் சாதனங்களைப் பகலில் மன்றத்துக்கே கொண்டுவந்து காட்டுவார், அவ்வளவுதான். அப்படி ஒருநாள் அவருடைய ரெகார்ட்பாக்ஸ் முன்னால் 14 வயதுப் பையன் ஒருவனை உட்காரவைத்தபோது, அவன் கேட்டது கியூ பட்டன் எங்கே, பிட்ச் எங்கே என்று மட்டும்தான். பிறகு தன் போக்கில் ஓட்ட ஆரம்பித்துவிட்டான். நண்பரின் மீதி எதிர்ப்பும் அன்றோடு முடிந்தது.

இப்போதைய நிலை

6 லேப்டாப்பிலும் மிக்ஸ், எல்எம்எம்எஸ், ஆடாசிட்டி. இரண்டில் சோனிக் பை. நான்குமே லினக்ஸிலும் ஓடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், ஒவ்வொரு லேப்டாப்பாக லினக்ஸுக்கு மாற்றிவருகிறோம். மாற்றிய லேப்டாப்பில் பாடத்தில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்புறை. எல்எம்எம்எஸ் கோப்பு, ஒலிகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்ற முகவரியைத்தான் வைத்திருக்கும். வேறு லேப்டாப்புக்குக் கொண்டுபோனால் குடத்தடி காணாமல் போகும். அதனால் ஒலிக் கோப்புகளையும் அதே கோப்புறையில் சேர்த்து, வகுப்பு முடியும்போது பாட்டை ஒரு வேவ் ஒலிக் கோப்பாகவும் ஏற்றுமதி செய்து பென்டிரைவில் எடுத்துவிடுகிறோம்.

உங்கள் இடத்தில் ஐபேட் இருந்தால் எங்கள் பட்டியல் வேண்டாம். கராஜ்பேண்டும், டிஜே பக்கத்துக்கு ஆல்கோரிதிம் நிறுவனத்தின் டிஜே (djay) என்ற செயலியும் போதும். நல்ல வைஃபை உள்ள பள்ளி, குரோம்புக் லேப்டாப்புகள் என்றால் கல்விக்கான பேண்ட்லேப் ஒன்றிலேயே இசைத் தயாரிப்பை முழுக்க நடத்தலாம். கன்ட்ரோலர் (டிஜே மென்பொருளை இயக்கப் பொத்தானும் ஸ்லைடரும் கொண்ட பலகை) வாங்கப் பணம் கிடைத்தால், ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 300 போலச் சிலவற்றில் வேகத்தைக் கூட்டு, குறை என்று அம்புக்குறி விளக்குகள் காட்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முதல் சில மாதங்களுக்கு அந்த விளக்குகளின் மேலும் டேப் ஒட்டிவிடுங்கள்.